குழந்தையின் முதற்சொல்

(தொடக்கப்பள்ளி ஆசிரியர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)

ஐந்து அகவைக் குழந்தையொன்று பள்ளி வாயிலில் வந்து நிற்கிறது. அதன் தோளில் ஒரு பை தொங்குகிறது. அப்பையில் என்ன உள்ளதென்று ஆசிரியர் பார்க்கிறார். பலகை இருக்கிறதா, எழுதுகோல் இருக்கிறதா என்று கேட்கிறார். ஆனால் அதன் நெஞ்சில் என்ன உள்ளதென்று பார்க்கும் ஆசிரியர் எத்துணைப் பேர்? அக்குழந்தை ஐந்தாண்டுகள் வாழ்ந்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறது. தாயின் தாலாட்டையும், தந்தையின் சினத்தையும், இருட்டின் அச்சத்தையும், அடுத்த வீட்டுப் பிள்ளையோடு இட்ட சண்டையையும் சொற்களாகச் சுமந்து வருகிறது. "அச்சொற்களையெல்லாம் வாயிலிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வா" என்பதே, உலகின் பெரும்பாலான பள்ளிகள் அதற்கு இடும் முதற்கட்டளையாக உள்ளது.

அக்கட்டளையை மாற்றி, "அச்சொற்களையே முதலில் எடுத்து வா" என்று கூறிய ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் வாழ்வும் பயிற்றுமுறையுமே இன்றைய பொழிவின் பொருள். அவர் பெயர் சில்வியா ஆசுட்டன் வார்னர். நியூசிலாந்து நாட்டவர், ஆங்கிலேயக் குடிவழியினர். அவர் செய்த நன்மையையும், அவரால் செய்ய இயலாது போனதையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் நம்மனோர்க்குப் பெரிதும் பயன்படும்.

பசிபிக் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள தீவு நாடு நியூசிலாந்து. அதன் முதுகுடியினர் மாவோரியர். ஆங்கிலேயர் குடியேறியபின் அம்மக்களின் நிலமும் மொழியும் ஒருங்கே சுருங்கின. 1867ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டமொன்று மாவோரியச் சிற்றூர்களில் பள்ளிகள் அமைய வழிசெய்தது. அப்பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்றும் வகுத்தது. அவ்வகைப் பள்ளிகளிற்றான் சில்வியா தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைக் கழித்தார்.

வறுமையும் கதையும் வளர்த்த பெண்

சில்வியா 1908ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், தாரனாக்கிப் பகுதியைச் சேர்ந்த சிட்ராட்போர்டு என்னும் ஊரில் பிறந்தார். பிள்ளைகள் பலர் பிறந்த குடும்பம் அது. தந்தையார் மூட்டு நோயால் உடல் முடங்கியவர். வெளியே சென்று பொருளீட்ட இயலாதவர். எனவே குடும்பச் சுமை முழுதும் தாயின் தோளில் வீழ்ந்தது. தாய் ஒரு பள்ளி ஆசிரியை. சிற்றூர்ப் பள்ளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறி மாறிச் சென்று, அவர் தம் கணவரையும் பிள்ளைகளையும் காத்தார். தாய் பயிற்றிய வகுப்பிலேயே சில்வியாவும் அமர்ந்து படித்தார். வீட்டிலோ, நோயுற்ற தந்தை பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். உழைப்பைத் தாயிடமும் சொல்லின் இனிமையைத் தந்தையிடமும் அச்சிறுமி கற்றாள்.

ஆசிரியப் பணி அவர் விரும்பி ஏற்ற பணியன்று. ஓவியராக வேண்டும், இசைவாணராக வேண்டும் என்பனவே அவர்தம் இளமைக் கனவுகள். வறுமை அக்கனவுகளுக்கு இடந்தரவில்லை. 1928, 1929ஆம் ஆண்டுகளில் ஆக்லாந்து ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். 1932ஆம் ஆண்டு, உடன் பயின்றவரான கீத்து எண்டர்சன் என்னும் ஆசிரியரை மணந்தார். மக்கள் மூவர் பிறந்தனர். கணவரும் மனைவியும் மாவோரியர் பள்ளிகளில் பணியேற்று, நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள ஒரோயெரா என்னும் தொலைவிடத்திற்குச் சென்றனர்.

அங்கே சில்வியாவின் உள்ளம் நொறுங்கிற்று. தனிமை ஒருபுறம், வீட்டு வேலையும் பள்ளி வேலையும் மறுபுறம், நிறைவேறாக் கனவுகள் உள்ளே. அவர் நோயுற்று, வெலிங்டன் நகரில் மருத்துவர் ஒருவரிடம் சென்று நலம்பெற்றார். உள்ளத்தில் அடைத்து வைத்த அச்சமும் ஆசையும் சொல்லாகி வெளிவந்தால் நோய் தணியும் என்பதை அம்மருத்துவத்தின் வழி தம்மளவில் உணர்ந்தார். நூல் படித்து அறிந்த செய்தியன்று அது. நோயுற்று அறிந்த செய்தி. பிற்காலத்தில் குழந்தைகளிடம் அவர் கண்ட உண்மைக்கு இப்பட்டறிவே வித்தாயிற்று.

1941ஆம் ஆண்டு முதல் வாங்கனூயி ஆற்றின் கரையில் அமைந்த பிபிரிகியிலும், அதன்பின் வையோமட்டட்டினியிலும் அக்குடும்பம் பணியாற்றியது. பிபிரிகியில் ஒரு சிறு குடிலைத் தம் எழுத்துக்கும் ஓவியத்துக்கும் எனச் சில்வியா ஒதுக்கிக் கொண்டார். 1949ஆம் ஆண்டு பெர்ன்கில் என்னும் ஊர்ப் பள்ளிக்குக் கணவர் தலைமையாசிரியராகவும், மனைவி மழலையர் வகுப்பு ஆசிரியையாகவும் வந்தனர். அங்கேதான் அவர்தம் பயிற்றுமுறை முழுவடிவம் பெற்றது.

நான்கு திங்களும் நான்கு மணித்துளியும்

அந்நாளில் நியூசிலாந்துப் பள்ளிகளில் படிப்புத் தொடங்கும் குழந்தைகளுக்குச் சேனட்டு, சான் என்னும் சிறுமி சிறுவன் இருவரைப் பற்றிய பாடநூல் வரிசை ஒன்று வழங்கப்பட்டது. அவ்விருவரும் நல்லாடை உடுத்த வெள்ளைக்காரக் குழந்தைகள். அவர்களுக்குத் தூய வீடு உண்டு. விளையாட்டுப் பொருள்கள் உண்டு. அவர்கள் அழுவதில்லை, அடித்துக்கொள்வதில்லை, அஞ்சுவதில்லை. "வா", "பார்" என்னும் எளிய சொற்கள் மீண்டும் மீண்டும் வரும்.

மாவோரியச் சிறுவன் ஒருவன் அந்நூலின் முன் அமர்ந்தான். "வா", "பார்", "உம்" என்னும் பொருள்படும் மூன்று சிறு சொற்களைக் கற்க அவனுக்கு நான்கு திங்கள் ஆயிற்று. வேறொரு பள்ளியாயின் அவனை மந்தன் எனப் பெயரிட்டுப் பின்வரிசையில் அமர்த்தியிருக்கும். சில்வியா அவ்வாறு செய்யவில்லை. அவனிடம் பேசினார். அவன் எதற்கு அஞ்சுகிறான், எதை விரும்புகிறான் என்று கேட்டறிந்தார். பிறகு, அவன் வாயிலிருந்து வந்த சொற்களையே எழுதிக் கொடுத்தார். அம்மா, அப்பா, முத்தம், அழுகை, சண்டை, காவலர், சிறை, இறைச்சி வெட்டும் கத்தி, மாவோரிய மறவராட்டம், அவன் தன் பெயர் ஆகிய சொற்கள் அவை. நான்கு திங்களில் மூன்று சொல் கற்றவன், இத்துணைச் சொற்களையும் நான்கு மணித்துளிகளில் கற்றுவிட்டான்!

மந்தமாயிருந்தது எது? சிறுவனா, பாடநூலா? ஒரு முறை பார்த்த அளவிலேயே குழந்தையின் உள்ளத்தில் பதிந்துவிடும் இத்தகைய சொற்களைச் சில்வியா திறவுச்சொற்கள் என்றார். பூட்டிய அறைக்குத் திறவுகோல் வெளியே கிடைப்பதில்லை. அக்குழந்தையின் மடியிலேயே உள்ளது என்பது அவர் கண்ட உண்மை. எவ்வினக் குழந்தைக்கும் "பேய்" என்னும் சொல்லும் "முத்தம்" என்னும் சொல்லும் எளிதில் பதிவதை அவர் கண்டார். ஒன்று அச்சத்தின் சொல். மற்றொன்று அன்பின் சொல். குழந்தையின் உள்ளத்தை இயக்கும் இருபெரும் ஆற்றல்களின் பெயர்களே இவை என்று அவர் தெளிந்தார்.

வகுப்பு நடந்த வகை

அவர்தம் வகுப்பு நடந்த முறையைச் சற்று விரிவாகக் காண்போம். ஏனெனில் அதற்கு வேண்டும் பொருள்கள் எந்த ஏழைப் பள்ளியிலும் கிடைப்பனவே.

காலையில் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அருகழைத்து, "இன்று உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று ஆசிரியை கேட்பார். குழந்தை ஒரு சொல்லைக் கூறும். அது கூறக் கூறவே, தடித்த அட்டையொன்றில் வண்ணக்கோலால் பெரிய எழுத்தில் அவர் அதனை எழுதுவார். குழந்தை அவ்வெழுத்துகளின்மேல் விரலால் தடவிப் பார்க்கும். பின்னர் அவ்வட்டை அதற்கே உரியது. தன் சொல் என்னும் பெருமிதத்தோடு அதனை எடுத்துச் செல்லும்.

மறுநாட் காலையில் அனைவர் அட்டைகளும் தரையில் ஒன்றாகக் கொட்டப்படும். குழந்தைகள் ஆரவாரத்தோடு பாய்ந்து, தத்தம் சொல்லைத் தேடி எடுப்பர். பிறகு இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் சொல்லை மற்றவர் கேட்பர். எந்த அட்டையைக் குழந்தையால் அடையாளங் காண இயலவில்லையோ, அந்த அட்டை அப்போதே களையப்படும். கற்பிப்போர் உற்று நோக்க வேண்டிய இடம் இது. சொல்லை மறந்த குழந்தைக்கு ஒறுப்பில்லை. மறக்கப்பட்ட சொல்லே ஒறுக்கப்படுகிறது. "இச்சொல் உன் உள்ளத்திலிருந்து வந்ததன்று, போகட்டும், வேறொன்று சொல்" என்பதே அதன் பொருள். உலகப் பள்ளிகளில் எத்துணைப் பிரம்புகள் இந்த ஒரு கருத்தை அறியாமையால் முறிந்தன!

ஒரு சொல் இரு சொல்லாகும், இரு சொல் சொற்றொடராகும், சொற்றொடர் கதையாகும். முதல் நாள் இரவு வீட்டில் நடந்ததை மறுநாட் காலையில் குழந்தை எழுதும். அவ்வாறு குழந்தைகள் எழுதியவையே அவர்தம் வகுப்பின் வாசிப்புப் பாடமாகும். ஒருவன் எழுதியதை மற்றவன் படிப்பான். படித்ததைப் பற்றி எல்லாரும் பேசுவர். இவையன்றி, மாவோரியக் குழந்தைகளின் வாழ்வையே பொருளாகக் கொண்டு தாமே எழுதிப் படம் தீட்டிய வாசிப்பு நூல்களையும் சில்வியா உருவாக்கினார்.

மூச்சை வெளிவிடுதலும் உள்ளிழுத்தலும் போலவே கல்வியும் நடைபெறல் வேண்டும் என்பது அவர் கொள்கை. முதலில் குழந்தை தன்னுள் இருப்பதைச் சொல்லாகவும், ஓவியமாகவும், ஆட்டமாகவும், களிமண் உருவாகவும் வெளியிடல் வேண்டும். அதன்பின்னரே புதியது உள்ளே செல்லும். அவ்வகுப்பு அமைதியான வகுப்பன்று. எல்லாரும் ஒரு நொடி நின்று செவிகொடுக்க வேண்டுமாயின், அவர் மேசையைத் தட்டுவதில்லை. பியானோவில் பீத்தோவனின் ஐந்தாம் இன்னிசைக் கோவையின் தொடக்க ஒலிகளை எழுப்புவார். வகுப்பு அடங்கும்.

குழந்தையின் உள்ளத்தை இரு வாய்களையுடைய எரிமலைக்கு அவர் ஒப்பிட்டார். ஒரு வாய் ஆக்கத்தின் வாய்; மற்றொன்று அழிவின் வாய். ஆக்கத்தின் வாயைத் திறந்து விரிவாக்கினால், அழிவின் வாய் தானே தூர்ந்துபோம் என்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்து சில்லாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. போர் என்பது அரசர் அவையிலும் படைவீட்டிலும் மட்டும் பிறப்பதன்று. வாயடைக்கப்பட்ட மழலையர் வகுப்பிலும் பிறக்கிறது என்பது அவர் எண்ணம்.

1955, 1956ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு ஆசிரியர் இதழொன்று அவர்தம் முறையை விளக்கும் கட்டுரைகளை வெளியிட்டது. 1958இல் அவர் எழுதிய புதினமும், 1963இல் 'ஆசிரியர்' எனப் பொருள்படும் தலைப்பில் வெளிவந்த நூலும் அவர் பெயரை உலகறியச் செய்தன. ஆயினும், தம் நாட்டுக் கல்வித்துறை தம்மைப் புறக்கணித்ததென்று இறுதிவரை அவர் குறைபட்டுக் கொண்டார். அக்குறையில் மிகையும் உண்டென்று பின்னாளில் ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். 1984ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

பாதி வழியில் நின்ற பாலம்

அன்பர்களே! இவ்வளவும் கேட்டபின் ஒரு வினா எழுதல் இயல்பு. குழந்தையின் சொல்லே முதற்சொல் என்றாரே, அச்சொல் எந்த மொழியில் எழுதப்பட்டது? ஆங்கிலத்திற்றான். மறவராட்டம் போன்ற மாவோரியச் சொற்கள் ஊடே வந்தன. எனினும் வாசிப்பும் எழுத்தும் ஆங்கிலமே. மாவோரிய வீட்டிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குக் குழந்தை அச்சமின்றி நடந்து வர ஒரு பாலம் அமைத்தலே சில்வியாவின் நோக்கம். பாலம் நன்று, ஆயின் அது ஒருவழிப் பாலம். அதில் நடந்து சென்ற குழந்தை தன் மொழிக்குத் திரும்பி வர வழியில்லை.

அவரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. அவர் அப்பள்ளிகளை அமைத்தவர் அல்லர். அவர் வருமுன்னரே நிகழ்ந்த கொடுமைகள் பல. இரண்டாம் உலகப் போரில் மாவோரியப் படைப்பிரிவின் தலைவராக விளங்கிய சேம்சு எனாரே என்னும் பெருமகனார், பின்னாளில் வைதாங்கித் தீர்ப்பாயத்தின் முன் சான்றுரைத்தார். பள்ளி வளாகத்தில் தாய்மொழி பேசிய குற்றத்திற்காகக் காட்டிற்குச் சென்று கொடி வெட்டி வருமாறு தாம் ஏவப்பட்டதையும், தாம் வெட்டி வந்த கொடியாலேயே தாம் அடிக்கப்பட்டதையும் அவர் கூறினார். அடிபட்ட உடல் ஆறிற்று; அடிபட்ட மொழி ஆறவில்லை. 1913ஆம் ஆண்டில் மாவோரியப் பள்ளிக் குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் தம் மொழி பேசினர். 1975ஆம் ஆண்டில் அத்தொகை நூற்றுக்கு ஐவர்க்கும் கீழே வீழ்ந்தது. இரு தலைமுறைக்குள் நேர்ந்த வீழ்ச்சி இது!

அடித்த பள்ளியும் அணைத்த பள்ளியும் ஒரே மொழியிற்றான் நடைபெற்றன. அன்பு மட்டும் ஒரு மொழியைக் காத்துவிடாது என்பதற்குப் பெர்ன்கில் வகுப்பே சான்று.

எஞ்சிய பாதி வழியை மாவோரிய மக்களே கடந்தனர். 1972ஆம் ஆண்டு, முப்பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட முறையீடு ஒன்று நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. தம் மொழியைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். ஆயினும் அரசு முழுதும் செய்யும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 1982ஆம் ஆண்டு வெலிங்டனை அடுத்த வையினுயோமாட்டாவில் முதல் 'கோகங்கா ரெயோ' தொடங்கப்பட்டது. மொழிக்கூடு என்பது அதன் பொருள். எத்துணை அழகிய பெயர்! கூட்டில் தாய்ப்பறவை குஞ்சுக்கு இரையூட்டுவதுபோல், பாட்டன் பாட்டியர் அமர்ந்து, பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளுக்குத் தாய்மொழியை வாய்மொழியாகவே ஊட்டினர். கூட்டினுள் மாவோரி மொழி மட்டுமே ஒலிக்கும். இத்தகைய கூடுகள் விரைந்து நாடெங்கும் பரவின. மாவோரி மொழி பேணிக் காத்தற்குரிய கருவூலம் என்று 1986ஆம் ஆண்டு வைதாங்கித் தீர்ப்பாயம் உரைத்தது. 1987ஆம் ஆண்டு அம்மொழியை நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்கும் சட்டம் பிறந்தது.

குழந்தையின் உள்ளத்துச் சொல்லே முதற்சொல் என்று சில்வியா காட்டினார். அச்சொல் குழந்தையின் முன்னோர் மொழியில் ஒலித்தல் வேண்டும் என்று மொழிக்கூட்டுப் பாட்டியர் காட்டினர். இரண்டும் சேர்ந்ததே தாய்மொழிக் கல்வி. ஒன்றிருந்து ஒன்றில்லையாயின் அது குறைக்கல்வியே.

நம் வகுப்பறையில்

தமிழாசிரியப் பெருமக்களே! அயன்மொழி வழியில் மழலையரை வாட்டும் பள்ளிகளைக் கண்டித்தல் நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆயின், தமிழ்வழிப் பள்ளியில் நாம் செய்வது என்ன என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொங்குநாட்டுக் குழந்தைக்குத் தாயைப் பெற்றவர் அம்மிச்சி. தந்தையைப் பெற்றவர் அப்பத்தா. இரண்டும் கேட்ட அளவில் அக்குழந்தையின் முகம் மலரும். பாடநூலிலோ இருவரும் "பாட்டி" என்னும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றனர். குழந்தை "அம்மிச்சி" என்று சொன்னால், "அப்படிச் சொல்லாதே, பாட்டி என்று சொல்" எனத் திருத்துகிறோம். பாட்டியும் தமிழே, அம்மிச்சியும் தமிழே. நல்ல தமிழ்ச் சொல்லொன்றைத் தமிழாசிரியரே குழந்தையின் வாயிலிருந்து பிடுங்கி எறிதல் தகுமா? சேனட்டும் சானும் செய்த தீமையை நம் பாடநூலும் செய்யலாகாது.

இதற்கு அரசாணை வேண்டா, பெரும்பொருள் வேண்டா. பழைய அட்டைப் பெட்டியை வெட்டினால் அட்டை கிடைக்கும். வண்ணக்கோல் ஒன்று போதும். நாளைக் காலை வகுப்பிற்குச் சென்றதும், முதல் வரிசையில் உள்ள குழந்தையை விடுத்து, வாய் திறவாமல் கடைசி வரிசையில் ஒதுங்கியிருக்கும் குழந்தையை அருகழையுங்கள். "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேளுங்கள். அது பாம்பு என்னலாம், கிணறு என்னலாம், குடித்துவிட்டு வரும் தந்தையின் பெயரைக் கூறலாம். எச்சொல்லாயினும் முகஞ்சுளியாது, தெளிந்த தமிழெழுத்தில் பெரிதாக எழுதிக் கையில் கொடுங்கள். செந்தமிழ்ச் சொற்களைப் பின்னர் ஊட்டலாம். தன் சொல்லை எழுத்தாகக் கண்டு மகிழ்ந்த குழந்தை அவற்றை விருப்போடு ஏற்கும்.

மறுநாட் காலை அக்குழந்தை அட்டைக் குவியலில் தன் சொல்லைத் தேடி எடுத்து உயர்த்திக் காட்டுமாயின், அன்றே அது படிக்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். காட்டவில்லையாயின் குழந்தையைக் கடியாதீர்கள். அட்டையைக் கிழித்துவிட்டு மீண்டும் கேளுங்கள்.